மலையேறும் எஞ்சின்கள் – 9: ஹெட்டைப் பிடித்திருக்கும் பத்து கம்பிகள்

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடி வட்டாரத்து ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகளிலும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள் இவை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் இருப்பது நல்லது. அவ்வளவு பாரத்தோடு, வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, டர்போவை முழு மூச்சில் ஓட வைத்துத்தான் ஏறுகிறார்கள்.

இப்படி ஏறுகிற வண்டி என்றைக்காவது ஒருநாள் பட்டறைக்கு வரும். “அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது. ஒழுகுற மாதிரியும் தெரியல” என்பார் டிரைவர். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் குமிழி வரும். புகை வெள்ளையாகப் போகும். முற்றிய கேஸ் என்றால் டிப் ஸ்டிக்கில் ஆயில் பாலாடை நிறத்தில் இருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, புது கேஸ்கட் போட்டு ஏற்றுவார்கள். சில மாதத்தில் மறுபடியும் அதே குமிழி வந்தால் யாராவது ஒருவர் சொல்வார்: “கம்பெனி போல்ட்டைத் தூக்கிப்போட்டுட்டு ஸ்டட் போட்டுரு.”

சொல்வது தப்பில்லை. ஆனால் எந்த வண்டிக்கு என்று கேட்க வேண்டும்.

ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துப் பிடித்திருப்பது போல்ட்டின் இழுவிசைதான். வாழைத்தார் லோடின் மேல் கயிற்றைப் போட்டு முறுக்குகிறோமே, அதே வேலை. முறுக்கும்போது இரும்பு மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்ப்பதால் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் போல்ட், 10.9 தரம் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி இறுக்கினால் ஒன்று ஐந்து டன்னுக்குச் சற்று மேல் பிடிக்கும். ஒரு சிலிண்டரைச் சுற்றி நான்கு என்றால் இருபது டன்னைத் தாண்டும். கணக்கு தாராளமாகத் தெரிகிறது. ஆனால் நடுவில் உள்ள போல்ட்டுகள் பக்கத்து சிலிண்டருக்கும் சேர்த்து உழைக்கின்றன. நான்கு சிலிண்டருக்குப் பத்து போல்ட் என்றால் தலைக்கு இரண்டரைதான், அதாவது பதிமூன்று டன் சொச்சம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 94 மில்லிமீட்டர் போர் உள்ள சிலிண்டரில் வெடிப்பின் அழுத்தம் 100 பார் என்றால் ஹெட்டை மேலே தூக்குகிற விசை ஏழு டன். டர்போவின் பூஸ்ட்டைக் கூட்டி, ஈசியூவை ரீமேப் செய்து, அதை 150 பாருக்குக் கொண்டுபோனால் பத்தரை டன்னைத் தாண்டுகிறது. கேஸ்கட்டை அமுக்கி வைக்க மிச்சம் இருப்பது மூன்று டன்கூட இல்லை. ஸ்டட்டின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

போல்ட்டை இறுக்கும்போது அது முறுகிக்கொண்டே நீள்கிறது, பிளாக்கின் மரையையும் அரைத்துக்கொண்டே இறங்குகிறது. ஸ்டட்டைக் கையால் திருகி உட்கார வைத்துவிட்டு மேலே நட்டை மட்டும் இறுக்குகிறோம். பிளாக்கின் மரைக்குத் தேய்மானம் இல்லை. நட்டுப் பக்கம் நெருக்கமான மரை என்பதால் இழுவிசை எல்லா இடத்திலும் ஒரே சீராக வருகிறது. டார்க் ரெஞ்ச் காட்டுகிற எண்ணில் பத்தில் ஒரு பங்குதான் கம்பியை நீட்டுகிறது. மீதி ஒன்பது பங்கும் உராய்வுக்கே போகிறது. துருவோ அழுக்கோ இருந்தால் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொன்னாலும் பிடி இருக்காது.

இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஃபோர்டு பெரிய பிக்கப்புகளில் 2003 முதல் 2007 வரை வந்த 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல். அதற்கு முந்தைய 7.3 லிட்டர் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றி ஆறு போல்ட், இதில் நான்கு. அவையும் மீளாத எல்லை வரை நீட்டி இறுக்குகிற, ஒரு தடவை மட்டுமே பயன்படுகிற ரகம். பவரைக் கூட்டியவர்களுக்கு ஹெட் தூக்கி கேஸ்கட் போனது. 1968-இல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஸ்டட்டைப் போடுவது அந்த எஞ்சினுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நம்மூர் ஜீப்புக்கு ஸ்டட் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இரும்பு எவ்வளவு உசத்தியானாலும் அதன் நீளும் தன்மை மாறாது. பழைய போல்ட்டுக்குச் சொன்ன அதே டார்க்கில் உசத்தியான ஸ்டட்டை இறுக்கினால் பிடியும் கிட்டத்தட்ட அதேதான், காசுதான் வீண். ஸ்டட்டோடு வரும் மசகைத் தடவி, அதற்குச் சொன்ன கூடுதல் எண்ணுக்கு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று நான்கு சுற்றில் இறுக்கினால்தான் பலன். துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. திரவம் அமுங்காது, பிளாக்தான் விரியும்.

என்னைக் கேட்டால், ரீமேப் செய்யாத மலை வண்டியில் கேஸ்கட் போவதற்கு அழுத்தத்தைவிடச் சூடே பெரிய காரணம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் வைத்த எஞ்சின், ஏறும்போது கொதித்து, இறங்கும்போது டீசல் போகாமல் குளிர்ந்து, தினமும் இந்த இழுபறியில் மாட்டுகிறது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் ஹெட் கோணிக்கொள்ளும். கோணிய ஹெட்டை எந்த ஸ்டட்டும் நிமிர்த்தாது.

சூட்டைக் கட்டுக்குள் வைப்பதில் ரேடியேட்டர் மூடியின் பங்கு சின்னதல்ல. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் சமவெளியில் 118 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரப்பர் போய்விட்டால் நூறிலேயே கொதித்து வெளியே தள்ளும். டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1966-இல் சென்னை பாடியில் உயர் இழுவிசை போல்ட்டுகள் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிப் பெயர் வாங்கியதும் அதே கம்பெனிதான். ஏலத்தோட்ட ஜீப்பின் சொந்தக்காரர் முதலில் வாங்க வேண்டியது இந்த இரண்டாவது சரக்கை. கூடவே ரேடியேட்டரைக் கழுவி, கேஸ்கட் மாற்றும்போது புது போல்ட் போட்டு, டார்க்குக்குப் பிறகு சொல்லியிருக்கிற கோணத்தையும் திருப்பச் சொல்ல வேண்டும்.

பூஸ்ட்டைக் கூட்டி ஓட்டுகிறவர்கள் ஸ்டட் போடட்டும். ஆனால் பானெட்டுக்குள் இடத்தை அளந்து பார்த்துவிட்டுப் போடட்டும். ஸ்டட் நிற்கிற எஞ்சினில் ஹெட்டைச் சாய்த்து எடுக்க முடியாது. கம்பியின் முழு நீளத்துக்கும் நேராகத் தூக்க வேண்டும். இடம் இல்லாத வண்டியில் அடுத்த தடவை ஸ்டட்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், அல்லது எஞ்சினையே இறக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்)