மாற்றல் அவருக்கு, ஜாகை யாருக்கு?

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று கணவர் மாலையில் வந்து சொல்லுகிறார். முகத்தில் பதவி உயர்வின் பூரிப்பு. மனைவிக்கும் சந்தோஷந்தான். ஆனால், பாயசத்துக்கு ஜவ்வரிசியைக் களைந்துகொண்டே அவள் மனம் வேறு கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. பெண்ணின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? மாமியாருக்கு மாதா மாதம் இரத்த அழுத்தம் பார்க்கிற டாக்டருக்கு எங்கே போவது? வாசலில் வந்து குரல் கொடுக்கும் கீரைக்காரி அங்கேயும் உண்டா? உத்தியோகம் மாறுவது அவருக்கு. உலகமே மாறுவது அவளுக்கு.

என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு இப்படித்தான் நேர்ந்தது. திருச்சி தில்லைநகரில் குடித்தனம். கணவருக்குச் சென்னையில், கிண்டிக்கு மாற்றல். ஆறாவது படிக்கும் பெண் ஒன்று, எழுபது வயது மாமியார். கணவர் கணக்கில் புலி. சென்னைப் படத்தைக் கைப்பேசியில் விரித்தார். கிண்டியை நடுவில் வைத்து, சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டார். "இதற்குள்ளே எங்கே வீடு கிடைத்தாலும் சரி" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

தோழி என்னைத் தனியே அழைத்து, "ஏண்டி, ஆபீசுக்குப் போகவர அவருக்கு ஆகப் போகிறது ஒரு மணி நேரம். நான் அந்த வீட்டிலே இருக்கப் போகிறது இருபத்து நாலு மணி நேரம். வட்டத்தை யார் போடணும், நீயே சொல்லு?" என்றாள்.

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியவள் அவள்தானே? சொல்லாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கக் கிளம்பினோம்.

முதல் வீடு வேளச்சேரியில். வட்டத்துக்கு உள்ளே, தரைத்தளம், கூடம் பெரிது. தோழி வீட்டுக்காரரிடம், "தண்ணீர்க் கஷ்டம் உண்டா?" என்று கேட்டாள். "கஷ்டமா! வருஷம் முழுக்கக் குழாயில் கொட்டுமே, அம்மா" என்றார் அவர். சுவரில் புது வெள்ளை அடித்திருந்தது. ஆனாலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, புடவைக் கரைபோல், லேசாகத் தெரிந்தது.

தெருமுனை மரத்தடியில் இஸ்திரி போடுகிறவரிடம் விசாரித்தோம். "2015-லே அந்தச் சன்னல் வரைக்கும் தண்ணி நின்னுச்சும்மா. 2023 டிசம்பர் புயலுக்கு வாசப்படி மூணும் முழுகிப் போச்சு" என்றார். வீடு வாடகைக்குப் போவதில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் அவர் பேச்சை நம்பலாம்.

சென்னையில் 'தண்ணீர்க் கஷ்டம் உண்டா?' என்ற கேள்வியை இரண்டு தரம் கேட்க வேண்டும். சித்திரைக்கு ஒரு தரம். கார்த்திகைக்கு ஒரு தரம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், அதே பட்டணத்தில் மாடியிலிருந்து ஜனங்களைப் படகில் இறக்கினார்கள். காரணம் புதிரல்ல. இந்த ஊர் ஏரிகளின் மேல் வளர்ந்த ஊர். தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கியதுதான். தெற்கே பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் அருகே கடலுக்குப் போகிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. ஆனால், அதன் பெரும் பகுதியில் ஏற்கெனவே வீடுகளும் சாலைகளும் குப்பை மேடும் வந்துவிட்டன. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. எனவே, பேட்டையின் பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஒரே பேட்டையில் ஒரு தெரு மேடு, அடுத்த தெரு பள்ளமாக இருக்கும். தெருவை விசாரியுங்கள்.

இரண்டாவது வீடு ஊரப்பாக்கம் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. புதிய அடுக்குமாடி, இரண்டு பால்கனி, வாடகையும் குறைவு. "கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023-ல் வந்துவிட்டது, இனி இந்தப் பக்கமெல்லாம் வளர்ந்துவிடும்" என்றார் தரகர். கணவருக்கு வீடு நிரம்பப் பிடித்துவிட்டது. வட்டத்தைக்கூட மறந்துவிட்டார்! கீழே கடை கிடையாது. ஆட்டோ வேண்டுமென்றால் போன் போட வேண்டும். சுற்றிலும் பூட்டின கதவுகள். ஊரின்மேல் குற்றமில்லை, அந்த வீடு இருந்த இடம் அப்படி.

தோழி பால்கனியில் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, கோயமுத்தூரிலே இதே மாதிரி ஒரு வீட்டிலே எட்டு மாசம் இருந்தோமே, ஞாபகம் இருக்கா?"

"நல்ல வீடு அது! காற்று பிய்த்துக்கொண்டு போகுமே?"

"நீங்க காலையிலே எட்டு மணிக்குப் போவீங்க, ராத்திரி எட்டு மணிக்கு வருவீங்க. குழந்தையும் நானும். பேசறதுக்குப் பல்லிதான் உண்டு. கடைசியிலே குளிக்கக்கூட மனசு வராம உட்கார்ந்திருப்பேன். உங்களுக்குத் தெரியாம டாக்டர்கிட்டே போனேன். மருந்து எழுதிக் கொடுத்தார். பக்கத்திலே ஒரு மனுஷர் இருந்தாப் போதும்னு அவர்கிட்டே எப்படிச் சொல்றது?"

திரும்பி வரும் ரயிலில் அவர் வாயே திறக்கவில்லை. பல்லாவரம் தாண்டியதும், "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் வட்டத்தை அவளே போட்டாள். நடுவில் கிண்டி இல்லை; மாமியாரின் கால்கள். பத்து நிமிஷ நடைக்குள் கோயில், டாக்டர், மருந்துக்கடை, காய்கறிக்கடை, பெண்ணுக்குப் பள்ளி, ரயிலடி ஆகிய ஆறும் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. குரோம்பேட்டையில் ஒரு மாடி வீடு அகப்பட்டது. கூடம் சிறிது, வாடகை இரண்டாயிரம் ரூபாய் அதிகம். ஆனால் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வேன் கட்டணம் மிச்சம். ஆட்டோச் செலவு மிச்சம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதிகமே இல்லை.

அதையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து ரயிலடிக்கு நடந்து, கிண்டியில் போய் இறங்கினார். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. சாலையில் நெரிசல் எப்படியிருந்தாலும் அதற்கென்று ஒரு தனி வழி உண்டு. கிலோமீட்டரை நம்பாதீர்கள், நிமிஷத்தை நம்புங்கள். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வீடும், மறு பக்கம் கடைத்தெருவுமாக இருந்தால், காய்கறிப் பையோடு எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்பதையும் எண்ணிவிடுங்கள். இருட்டிய பிறகு ஒரு தரம் போய்த் தெருவிளக்கு எரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைதான் முன்பணம். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம். தெரிந்துவைத்துக்கொண்டு பேசினாலே பேரம் படியும். புது ஊருக்கு வந்த முதல் வருஷமே வீடு வாங்கவும் வேண்டாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாடகை வீட்டிலேயே கழியட்டும்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியாரைக் காணோம். கீழ் வீட்டுப் பாட்டியோடு கோயிலுக்குப் போயிருக்கிறாராம். தோழி, திருச்சியில் விட்டுவந்த ஆசிரியை வேலையை, பெண் படிக்கும் பள்ளியிலேயே மறுபடி தொடங்கியிருக்கிறாள். கணவரோ யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து மாற்றலாகி வரும் சக ஊழியராம். எந்தப் பேட்டையில் வீடு பார்க்கலாம் என்று யோசனை கேட்கிறார்.

"அதெல்லாம் இருக்கட்டும், சார்! முதலில் உங்கள் வீட்டில் கேட்டீர்களா?" என்றார் இவர்.

காப்பி கொண்டுவந்த தோழி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.