பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் ஒரு புலி

1902 ஆகஸ்ட். சிங்கப்பூர் பீச் ரோடு பகுதியில் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து ஒரு புலி தப்பியது. அது காட்டுக்குப் போகவில்லை. பக்கத்திலிருந்த ராஃபிள்ஸ் ஹோட்டலில், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பில்லியர்ட்ஸ் அறையின் அடியில் பதுங்கியது. பள்ளித் தலைமையாசிரியர் ஃபிலிப்ஸ் வந்து சுட்டுக் கொன்றார்.

தப்பும் விலங்கு பெரும்பாலும் வேட்டைக்குக் கிளம்புவதில்லை. மிரண்டுபோய் மறைவிடம் தேடுகிறது. எல்லா முறையும் அப்படி முடிவதில்லை என்பதும் உண்மை.

1994 ஆகஸ்ட் 20 அன்று ஹவாயின் ஹோனலூலுவில் டைக் என்ற ஆப்பிரிக்க சர்க்கஸ் யானை, பார்வையாளர் கண்முன்னே பயிற்சியாளரைக் கொன்றுவிட்டுத் தெருவுக்கு ஓடியது. காவலர்கள் 80-க்கும் மேற்பட்ட குண்டுகளால் அதைச் சாய்த்தார்கள். முந்தைய ஆண்டே பென்சில்வேனியாவில் அது அரங்கை விட்டு ஓடியிருந்தது. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் அதை அரங்கேற்றியதை மன்னிக்க முடியவில்லை.

இந்தியாவில் 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதற்குத் தடை வந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. யானை அந்தப் பட்டியலில் இல்லாதது பெருங்குறை.

தடைக்குப் பிறகு மீட்கப்பட்ட சர்க்கஸ் சிங்கங்களில் பல, அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வந்தன. ஆசிய, ஆப்பிரிக்கக் கலப்பினங்கள் என்பதால் அவற்றை இனப்பெருக்கம் செய்யவிடாமல், ஆயுள் முடியும்வரை பராமரிப்பதே அங்கு ஏற்பாடாக இருந்தது.