வாயில் நிற்கிறது, மாளிகை எங்கே?

உத்தியோக நிமித்தமாகவும் வாணிப நிமித்தமாகவும் ஹைதராபாத் நகரில் குடியேறிய தமிழராகிய நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்வது சார்மினாருக்கே. அதற்குச் சற்று வடக்கே ஒரு சதுக்கம் உண்டு. நடுவில் குல்ஜார் ஹவுஸ் என்னும் நீர்த்தொட்டி. நாற்றிசையிலும் ஏறத்தாழ 60 அடி உயரமுள்ள நான்கு வளைவுகள். அவற்றைச் சார் கமான் என்பர். முத்தும் நகையும் வாங்க அங்கே செல்லும் நாம், மேற்கு வளைவு ஓர் அரண்மனையின் தலைவாயில் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1591-ஆம் ஆண்டில் முகம்மது குலி குதுப் ஷா என்னும் கோல்கொண்டா மன்னன் மூசி நதியின் தென்கரையில் இந்நகரை நிறுவினான். அடுத்த ஆண்டில் இவ்வளைவுகள் எழுந்தன. மேற்கு வளைவுக்கு அப்பால் அரச மாளிகைகள் பரந்து கிடந்தன. அவ்வாயிலில் பொன்னிழைத் திரை தொங்கியது என்பது வழிவழி வரும் செய்தி.

இவ்வரசு நமக்கு அந்நியமானதன்று. சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கம்பெனியார், 1672-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 1200 வராகன் வாடகை செலுத்தியது கோல்கொண்டா அரசுக்கே.

1685-இல் மொகலாயப் படை நகருட் புகுந்தது, அரண்மனை சூறையாடப்பட்டது. இறுதி மன்னன் தானா ஷா கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தான். எட்டு மாத முற்றுகைக்குப் பின், 1687-இல் கோட்டையும் வீழ்ந்தது. மன்னன் தௌலதாபாத்தில் சிறை வைக்கப்பட்டான். ஆள்வோரற்ற மாளிகைகள் காலப்போக்கில் அழிந்தன. அந்நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன.

வாயிலின் பெயரும் தப்பவில்லை. அரசமனை வாயிலாக இருந்தது, பின்னர் 'மந்திரத்தை முறிப்பது' என்னும் பொருளில் 'சிஹ்ரே பாதில்' எனப்பட்டது. மந்திரத்தைக் குறிக்கும் 'சிஹ்ர்' மக்கள் நாவில் 'ஷேர்' ஆயிற்று, அதாவது சிங்கமாயிற்று! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இத்தகைய மாற்றம் புதிதன்று.

இங்கிலாந்திலும் இதையொத்த வரலாறு ஒன்றுண்டு. எட்டாம் ஹென்றி 1538-இல், பழைய கிராமம் ஒன்றை அகற்றிவிட்டு, 'நான்சச்' என்னும் அரண்மனையைக் கட்டத் தொடங்கினான். 'இதற்கு இணையில்லை' என்பது அப்பெயரின் பொருள். பிற்காலத்தில் அதனைப் பரிசாகப் பெற்ற சீமாட்டி ஒருத்தி, கடன் தீர்க்கும் பொருட்டு 1682-ஐ ஒட்டி அதை இடித்து, கல்லையும் மரத்தையும் விற்றுவிட்டாள். 1959-இல் மண்ணைத் தோண்டிய பிறகே அதன் அடித்தளம் வெளிப்பட்டது.

அங்கே வாயிலும் எஞ்சவில்லை. இங்கே வாயில் நிற்கிறது. காரணம் யாது? மாளிகை மன்னனுக்கு மட்டும் உரியதாக இருந்தது. அவன் போனதும் அதனைப் பேணுவார் இல்லை. சதுக்கமும் நீர்த்தொட்டியும் கடைவீதியும் மக்களுக்கு உரியவை. நாள்தோறும் நடக்கும் கால்களே அவற்றைக் காத்தன.

அக்கால்களில் இன்று நம்முடையவையும் சேர்ந்துள்ளன. நமக்குச் சோறிட்ட ஊரின் நினைவைப் பேணுவது நம் கடமையுமாகும். அடுத்த முறை மேற்கு வளைவின் கீழ்ச் செல்லும்போது ஒரு கணம் நின்று, அண்ணாந்து பார்த்து, உடன் வரும் குழந்தைகளுக்கும் இவ்வரலாற்றைச் சொல்வோமாக.