நான்கெல்லையும் அயலார் வழக்கும்

தண்பொருநையின் தென்கரையில் அமைந்த ஆழ்வார்திருநகரி, பண்டு திருக்குருகூர் எனப்பட்டது. நெல்லும் வாழையும் விளையும் இத்தகைய ஆற்றுப்பாசன ஊர்களில் அயலாரிடை எழும் நிலவழக்குப் பெரும்பாலும் ஒரு வரப்பின் அகலத்தைப் பற்றியதே. அதன் வேரைச் சாசனச் சொல்லாட்சியினின்று ஈண்டு ஆராய்வாம்.

இடைக்காலச் சாசனங்கள், 'கீழ்பாற்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கு' என்னும் முறையில் நிலத்தை வரையறுக்கும். கிழக்கெல்லையை 'மேற்கு' என்றல் முரண்போலத் தோன்றும். முரணன்று, வாய்க்காலை விலக்கி, அதற்கு மேற்கே கிடப்பதே கொடைநிலம் என்பது கருத்து. ஆயின், இடைப்பட்ட கரை எவர்க்குரியது என்பதை இத்தொடர் கூறாது விடுகின்றது. வழக்குப் பிறப்பது அங்கேயாம்.

இக்குறையை நிரப்பியது கண்டோர் சான்று. முதலாம் இராசராசனின் ஆனைமங்கலக் கொடையில், பிடி நடத்தி எல்லை சூழ்ந்து கல்லும் கள்ளியும் நாட்டினர். வேள்விக்குடிச் செப்பேட்டில், களப்பிரராற் பறிபோன பழங்கொடையைக் கொற்கைகிழான் மரபினன் மீட்க வேண்டியபொழுது, நாட்டாரைக்கொண்டு பழமை காட்டுமாறு நெடுஞ்சடையன் பணித்தான். அஃது உரிமை வழக்கே. எனினும், ஊரார் நினைவே சான்றாதல் இரண்டற்கும் பொது.

1923 ஆம் ஆண்டின் நிலஅளவை, எல்லைச் சட்டம் நினைவின் இடத்தில் அளவுக்கல்லை நிறுத்திற்று. அளவையால் குறையுற்றோர் மூன்றாண்டிற்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும், இன்றைய கிரயப் பத்திரங்களின் செக்குபந்தி பழைய வாய்பாட்டையே பின்பற்றுகின்றது. பரப்பும் நான்கெல்லையும் முரணின், பொதுவாக எல்லையே வலியுடைத்தென நீதிமன்றங்கள் கொள்ளும். எனவே, வரப்பும் கரையும் எவர்க்குரியவெனப் பத்திரத்திற் சேர்த்தெழுதின், பல வழக்குகள் எழாதொழியும் என்க.