ஒற்றையடிப் பாதையில் எலக்ட்ரான்

கம்பியின் நீளம் இரு மடங்கானால் மின்தடையும் இரு மடங்காகும் என்று பௌதிக வகுப்பில் நாம் படிக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் அளந்தும் பார்க்கிறோம். ஆனால் எலக்ட்ரான்கள் ஒரே வரிசையில் மட்டும் செல்லக்கூடிய மிக மெல்லிய கம்பியில், கடுங்குளிரில், இவ்விதி செல்லாது!

எலக்ட்ரான் துகள் மட்டுமன்று, அலையுமாகும். கம்பியில் தாறுமாறாகக் கிடக்கும் மாசணுக்களில் பட்டு அவ்வலை சிறிது சிறிதாகத் திரும்புகிறது. திரும்பும் அலைகள் ஒன்றுசேர்ந்து, முன்செல்லும் அலையை அடக்கிவிடுகின்றன. வயல்வெளியில் பள்ளத்தைச் சுற்றிப் போகலாம். வரப்பின் மேல் நடந்தால் முன்னே அல்லது பின்னே, அவ்வளவுதான். எலக்ட்ரான் இப்படி ஓரிடத்திலேயே அடைபடக்கூடும் என்று 1958இல் அமெரிக்க விஞ்ஞானி பிலிப் ஆண்டர்சன் கூறினார். (1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.) ஒற்றை வரிசையானால் சிறிதளவு ஒழுங்கின்மையே இதற்குப் போதும் என்று 1961இல் மாட், டூஸ் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். ஆகவே நீண்ட கம்பியில் சம அளவு நீளம் சேர்க்கச் சேர்க்க, மின்தடை 2, 4, 8, 16 என்பதுபோல் பெருகுகிறது.

செம்புக் கம்பியில் சூடு மின்தடையைக் கூட்டும். இங்கோ குறைக்கும்! அணுக்களின் அதிர்வு அலைகளின் இசைவைக் கலைத்து, எலக்ட்ரானைச் சிறை மீட்கிறது.

கம்பிக்குள் அடைபட்ட எலக்ட்ரானை நாம் கண்ணால் காண இயலாது. எனவே 2008இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலக்ட்ரானுக்குப் பதிலாகக் குளிரூட்டிய ரூபிடிய அணுக்களையும், மாசணுக்களுக்குப் பதிலாக லேசர் ஒளிப்புள்ளிகளையும் வைத்தனர். பரவத் தொடங்கிய அணு அலை நடுவழியில் நின்றுவிட்டதைப் படமெடுத்தும் காட்டினர்.