அமெரிக்காவில் வீட்டு முகவரி பள்ளியைத் தீர்மானிப்பது ஏன்?

அமெரிக்காவில் வீடு பார்க்கும் உறவினரிடம் பேசினால், வாடகைக்கு முன்பே பள்ளியைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே மாதிரி இரண்டு வீடுகள். சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பது விலை கூடுதல், அந்தப் பக்கம் இருப்பது குறைவு. காரணம் கேட்டால், "இந்தப் பக்கம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லா இருக்கு" என்பார்கள். கட்டணமே இல்லாத பொதுப் பள்ளிகளுக்குள் இப்படி ஒரு வேறுபாடு எப்படி வந்தது? அங்கே ஆசிரியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்வது ஏன்? இரண்டு கேள்விக்கும் விடை ஒரே வரலாற்றில் இருக்கிறது. அது தெரிந்தால், அங்கே பிள்ளையைச் சேர்க்கும்போது எதைக் கேட்பது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் தெளிவாகும்.

முதலில், அங்கே பள்ளியை நடத்துவது யார்? அமெரிக்க அரசியல் சாசனம் கல்வியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாசனம் மத்திய அரசுக்குத் தராத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்கிறது அதன் பத்தாவது திருத்தம். இப்படித் தங்களிடம் வந்த கல்விப் பொறுப்பை மாநிலங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டிடம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) கொடுத்தன. நாடு முழுவதும் இப்படிச் சுமார் 13,000 டிஸ்ட்ரிக்ட்டுகள் உண்டு. பெரும்பாலானவற்றை அந்தப் பகுதி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு (பள்ளி நிர்வாகக் குழு) நடத்துகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் மாநில அரசின் ஊழியர். அமெரிக்காவில் அவர் தம் டிஸ்ட்ரிக்ட்டின் ஊழியர். பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் சம்பளம் வேறாக இருக்கலாம்.

இவ்வளவு அதிகாரம் ஊரின் கையில் ஏன்? பள்ளிகள் தொடங்கியதே ஊரில்தான். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1647இல், மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஒரு சட்டம் போட்டது. 50 குடும்பங்கள் உள்ள ஊர், எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். பிள்ளைகள் பைபிள் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். விடுதலைக்குப் பின், 1785இல், மேற்குப் பகுதி நிலங்களை அளந்து விற்க வந்த சட்டம், ஒவ்வொரு ஊரகப் பிரிவையும் 36 பங்காகப் பிரித்து, அதில் 16ஆவது பங்கைப் பள்ளிக்கென ஒதுக்கியது.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி எப்போது வந்தது? படிப்படியாகத்தான் வந்தது. 1837இல் மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளரான ஹோரேஸ் மேன், பணக்காரர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பள்ளியில், பொது வரிப்பணத்தில் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். "என் பிள்ளை படிக்காத பள்ளிக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்ற கேள்வி அன்றே எழுந்தது. படித்த குடிமக்கள் இல்லாமல் குடியாட்சி நிலைக்காது என்பது அவருடைய பதில். 1852இல் மாசசூசெட்ஸ் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1918இல்தான் வழிக்கு வந்தது.

அந்த 'எல்லாரும்' என்பதில் கறுப்பினப் பிள்ளைகள் இருந்தார்களா? நெடுங்காலம் இல்லை. அடிமை முறை இருந்தபோது, தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பதே குற்றம். பிறகு தனிப் பள்ளிகள் தந்தார்கள். அவற்றுக்குக் கிடைத்த பணம் மிகக் குறைவு. 1954இல் பிரவுன் எனப்படும் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினை செல்லாது என்றது. ஆனால் பள்ளிகளை இணைத்தபோது தெற்கில் பல கறுப்பினப் பள்ளிகளையே மூடினார்கள். அங்கே திறமையாகப் பாடம் நடத்திய ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்த நீதிக்கு அந்த ஆசிரியர்கள் விலை கொடுக்க நேர்ந்தது பெரும் அநியாயம்.

இப்போது பணத்துக்கு வருவோம். பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறைய சமமாகத் தருகின்றன. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி சொத்து வரி, அதாவது வீட்டின் மதிப்பை வைத்து ஆண்டுதோறும் வாங்கும் வரி. வீட்டு விலை உயர்ந்த பகுதியில் குறைந்த வீதத்தில் வரி போட்டாலும் பணம் குவியும். ஏழைகள் வாழும் பகுதியில் வீதத்தை உயர்த்தினாலும் பணம் சேராது.

இதை யாரும் நீதிமன்றத்தில் கேட்கவில்லையா? டெக்சாஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதிப் பெற்றோர் கேட்டார்கள். 1967-68 கணக்கின்படி, அங்கே 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி. அதிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரின் வசதியான ஆலமோ ஹைட்ஸ் பகுதியில் வரி 85 சென்ட்தான். கிடைத்ததோ 333 டாலர். 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, நாட்டின் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அதன்பின் வழக்குகள் மாநில நீதிமன்றங்களுக்குப் போயின. பல மாநிலங்கள் ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குக் கூடுதல் பணம் தரத் தொடங்கின. இடைவெளி குறைந்தது, மறையவில்லை. சாலைக்கு இரு பக்கமும் வீட்டு விலை மாறுவதன் வேர் இங்கே இருக்கிறது.

இந்த முறையில் ஆசிரியரின் நிலை என்ன? ஹோரேஸ் மேன் காலத்தில் பள்ளிகள் பெருகியபோது ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். 1839இல் லெக்சிங்டன் ஊரில் நாட்டின் முதல் அரசு நார்மல் ஸ்கூல் (ஆசிரியர் பயிற்சிப் பள்ளி) மூன்று இளம்பெண்களுடன் தொடங்கியது. ஊர்கள் பெண்களை விரும்பி எடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம் சம்பளம். ஆணுக்குத் தருவதில் பாதி தந்தால் போதும். பல இடங்களில் அதைவிடக் குறைவாகவும் தந்தார்கள். 1900 வாக்கில் பத்து ஆசிரியர்களில் ஏழு பேர் பெண்கள். திருமணம் ஆனால் வேலை போகும் என்ற விதி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல டிஸ்ட்ரிக்ட்டுகளில் இருந்தது. ஆசிரியர் வேலைக்குச் சம்பளம் குறைவாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்று ஊன்றியது. இன்றும் அது முழுதாக விலகவில்லை.

அவர்கள் எதிர்த்துப் போராடவில்லையா? போராடினார்கள். சிகாகோவில் மார்கரெட் ஹேலி என்ற ஆசிரியையும் அவருடைய தோழிகளும், சம்பளம் தரப் பணம் இல்லை என்ற பதிலை ஏற்கவில்லை. வரிக் கணக்குகளைத் தாங்களே புரட்டிப் பார்த்து, பெரிய நிறுவனங்கள் கட்ட வேண்டிய வரி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வழக்குத் தொடுத்து, 1901இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 1909இல் நியூ ஜெர்சி மாநிலம் ஆசிரியர்களுக்கு டெனியூர் (தக்க காரணமும் விசாரணையும் இன்றி நீக்க முடியாத பணிப் பாதுகாப்பு) தந்தது.

தொழிற்சங்க உரிமை எங்கும் ஒன்றா? இல்லை, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தனியார் தொழிலாளருக்கான 1935ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அரசு ஊழியர்களைச் சேர்க்கவில்லை. நியூ யார்க்கில் சங்கம் பேச்சு நடத்தி ஒப்பந்தம் போடலாம். வட கரோலினாவில் அப்படிப்பட்ட ஒப்பந்தமே செல்லாது. உரிமை எப்படி இருந்தாலும் சம்பளத்துக்கான போராட்டம் நிற்கவில்லை. 2018இல் மேற்கு வர்ஜீனியாவின் 55 கவுன்ட்டிகளிலும் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற பிரிவு) ஆசிரியர்கள் 9 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்து 5 விழுக்காடு சம்பள உயர்வு பெற்றார்கள்.

சரி, அங்கே பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த முகவரி எந்தப் பள்ளிக்கு உரியது என்பதை டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலேயே கேளுங்கள். எல்லைகளை அவ்வப்போது மாற்றுவார்கள்; தரகர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சேர்க்கும்போது குடியிருப்புச் சான்று, வயதுச் சான்று, தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். நல்ல பள்ளிக்காக உறவினர் முகவரியைக் கொடுக்காதீர்கள். கண்டுபிடித்தால் பிள்ளையை நீக்குவார்கள்; சில மாநிலங்களில் பெற்றோர்மீது வழக்கே வந்திருக்கிறது.

விசா சிக்கல் இருந்தால் சேர்க்க மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இடம் மறுக்கக் கூடாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டில் பேசும் மொழி எது என்று படிவத்தில் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தள்ளி விடுவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். உண்மையையே எழுதுங்கள். பள்ளி ஓர் ஆங்கிலத் தேர்வு வைக்கும். தேறினால் வழக்கமான வகுப்பு. இல்லையென்றால் கூடுதல் மொழி உதவி. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு உதவாமல் விடுவது தவறு என்று 1974இல் தீர்ப்பானபின் பள்ளிகள் இந்த உதவியைத் தந்தாக வேண்டும். அதற்கான தனித் திட்டம் வேண்டாம் என்றால் மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு.

பிள்ளைக்குக் கற்றலில் குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் வந்தால், மறைக்காதீர்கள். மதிப்பீடு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, தகுதியுள்ள பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் கட்டணமின்றிக் கிடைக்கும். அந்தத் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு.

இணையத்தில் பள்ளிகளுக்குத் தரும் மதிப்பெண்ணை நம்பலாமா? அதில் தேர்வு முடிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 2002இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பின், 3 தொடங்கி 8 வரையான வகுப்புகளில் வாசிப்பிலும் கணக்கிலும் ஆண்டுதோறும் தேர்வு கட்டாயமாகிவிட்டது. அந்த முடிவுகள் அப்பகுதிக் குடும்பங்களின் வருமானத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. பாடம் எப்படி நடக்கிறது என்பதை அவை தனியாகச் சொல்லிவிடாது. ஆகவே பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்களா? வகுப்பாசிரியர் அந்தப் பாடத்துக்கு உரிமம் பெற்றவரா? ஏழைப் பிள்ளைகளுக்கான மத்திய நிதி பெறும் பள்ளிகளில், ஆசிரியரின் தகுதியைக் கேட்டு அறியும் உரிமையைச் சட்டமே பெற்றோருக்குத் தந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. வகுப்பு பெரிதாவது, நூலகம் மூடுவது, ஆசிரியர் சம்பளம் உயர்வது போன்றவை அங்கே பெரும்பாலும் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் முடிவாகின்றன. அந்தக் கூட்டம் எல்லாருக்கும் திறந்தது. குடியுரிமை இல்லாத பெற்றோரும் போய் உட்காரலாம், பெரும்பாலான இடங்களில் பேசவும் நேரம் தருவார்கள். வீடு மாறிய முதல் மாதத்திலேயே அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போய் வாருங்கள். ஆசிரியர்களின் சம்பளம் பேச்சுக்கு வரும்போது அவர்கள் பக்கம் நின்று பேசுங்கள். நல்ல ஆசிரியர் அந்தப் பள்ளியிலேயே தங்கினால், பயன் உங்கள் பிள்ளைக்குத்தான்.