ராகி சேமியாவில் ராகி எவ்வளவு?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வேன் ஏழே முக்காலுக்கு வந்துவிடும், அதற்குள் சமைத்து, பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, தானும் கிளம்ப வேண்டும். பையனுக்கு ஆறு வயசு. நூடுல்ஸ், சேமியா, இப்போ புதுசாகப் பாஸ்தா, இந்த மூன்றைத் தவிர எதையும் தொடுவதில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறதென்று டாக்டர் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்.

பையிலிருந்து நாலு பொட்டலத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். "மாமா, ஊருக்கெல்லாம் இயற்கை விவசாயம்னு சொல்றீங்க. இதுல எதுங்க மாமா பையனுக்கு நல்லது? அதைச் சொல்லுங்க, மத்ததை விட்டர்றேன்."

சாதா சேமியா ஒன்று, வறுக்கத் தேவையில்லாத நூடுல்ஸ் ஒன்று, கோதுமைப் பாஸ்தா ஒன்று, ராகி சேமியா ஒன்று. ராகி படம் போட்டிருந்த பொட்டலத்தைத்தான் நான் முதலில் கையில் எடுத்தேன். நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீங்க. பின்பக்கம் திருப்பினேன். சேர்மானங்களில் முதலில் இருந்தது மைதா. அடுத்தது ராகி மாவு, 30 சதவீதம்.

இதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெயரில் தூக்கிக் காட்டுகிற பொருள் எத்தனை சதவீதம் என்றும் எழுத வேண்டும். எழுதியிருக்கிறார்கள். நாம்தான் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம்.

சரி, மைதாவில் அப்படி என்ன குறை? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. 528 உணவுகளை நாடு முழுக்கச் சேகரித்து அளந்த கணக்கு அது. நான் இங்கே தருகிற மாவு, தானிய எண்கள் எல்லாம் அதிலிருந்துதான். எல்லாமே 100 கிராம், சமைக்காத நிலையில்.

மைதாவில் புரதம் 10.4 கிராம். முழு கோதுமை மாவில் 10.6. பார்த்தீங்களா, பெரிய வித்தியாசமே இல்லை! மைதாவில் புரதமே கிடையாது என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன், அது தப்பு. போவது வேறு. நார்ச்சத்து முழு கோதுமையில் 11.4 கிராம், மைதாவில் 2.8. இரும்புச்சத்து 4.1 மில்லிகிராமிலிருந்து 1.8-க்கு இறங்கிவிடுகிறது. தவிடும் முளையும் ஆலையிலேயே கழிகிறது, அதோடு இவையும் கழிகின்றன. அந்தத் தவிட்டைத்தான் நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டுக்கு வைக்கிறோம்.

இன்னொன்றையும் நம் ஆட்கள் மனசு சங்கடப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். இயற்கை முறையில் விளைந்த கோதுமையாக இருந்தாலும் மைதாவாக அரைத்தால் அது மைதாதான். விஷம் இல்லை என்பது ஒரு கணக்கு, சத்து இருக்கிறதா என்பது வேறு கணக்கு.

கோதுமைப் பாஸ்தா கொஞ்சம் தேவலாம். நல்ல பாஸ்தாவை டுரம் என்கிற கெட்டியான, மஞ்சள் நிறக் கோதுமையின் ரவையில் செய்வார்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் சட்டமே போட்டார்கள். அந்தக் கோதுமையின் புரதம் வலை மாதிரி மாவுச்சத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் செரிமானம் மெதுவாக நடக்கும், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. குழைய வேகவிட்டால் அந்தப் பலன் குறைந்துவிடும். நம் ஊரில் பாஸ்தாவைக் குக்கரில் போட்டு மூணு விசில் விடுகிறவர்களை எனக்குத் தெரியும்! பச்சை, சிவப்பு என்று கலர் கலராக வருகிற பாஸ்தாவில் கீரைப்பொடியும் தக்காளிப்பொடியும் பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதம்தான். கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

உடனடி நூடுல்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைதாவைப் பிழிந்து, அவித்து, எண்ணெயில் பொரித்து எடுப்பது. 100 கிராமுக்கு 15 கிராம் அளவுக்குக் கொழுப்பு நிற்கும், மசாலாப் பொட்டலத்தில் உப்பு தனி.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே இருந்து எங்கம்மா குரல் கொடுத்தார். "ஏங்கண்ணு, அம்மிச்சி சந்தகை சுத்தித் தர்றேன், அதைக் கொடு பையனுக்கு. இதையெல்லாம் தூக்கி அந்தப் பக்கம் போடு."

நியாயம்தான். கொங்கு நாட்டில் புது மாப்பிள்ளை விருந்துக்குச் சந்தகை இல்லாமல் நடக்காது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஒரு பக்கம், எலுமிச்சை தாளித்தது ஒரு பக்கம். பாஸ்தாவுக்கு நாம் ஏன் ஏங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் எண்களை எடுத்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது. தீட்டிய புழுங்கல் அரிசியில் புரதம் 7.8 கிராம், நார்ச்சத்து 3.7, இரும்பு 0.7 மில்லிகிராம், சுண்ணாம்புச்சத்து 8 மில்லிகிராம். மைதாவின் சுண்ணாம்புச்சத்தே 20. கடையில் வாங்கின வெள்ளை அரிசியில் சந்தகை சுற்றினால் இரும்பிலும் புரதத்திலும் மைதா சேமியாவுக்கும் கீழேதான் நிற்கிறது. நம்முடையது என்பதற்காக ஒன்று சத்தாகிவிடாது. எண்ணெயில்லை, ரசாயனச் சுவையூட்டி இல்லை, சூடாகச் சாப்பிடுகிறோம், அந்த வகையில் நல்லது. ரத்தம் குறைந்த பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

இப்போது ராகிக்கு வருவோம். சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம். தானியங்களில் பக்கத்தில் நிற்க ஆளில்லை. இரும்பு 4.6, நார்ச்சத்து 11.2. புரதம் மட்டும் 7.2, அதில் கோதுமையை விடக் குறைவு. சோளத்தில் புரதம் 10, இரும்பு 4, நார்ச்சத்து 10. கம்பில் இரும்பு 6.4, புரதம் 11.

நாலு முதல் ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் 11 மில்லிகிராம் இரும்பும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்திருக்கிறது. பையன் ஒரு வேளைக்கு 50 கிராம் சேமியா சாப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்க. மைதா சேமியாவில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம் கிடைக்கும். 30 சதவீத ராகி சேமியாவில் 62. முழு ராகியாக இருந்தால் 182, நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ராகி என்று எழுதின இரண்டு பொட்டலத்துக்குள் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது.

முழு ராகியில் ஏன் யாரும் செய்வதில்லை என்று கேட்பீங்க. இது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்களில் ஏழெட்டு உழவர்கள் சேர்ந்து ராகியையும் சோளத்தையும் மதிப்புக்கூட்டி விற்கலாம் என்று ஒரு வருஷமாக முயற்சி செய்கிறோம். பொங்கலூர் பக்கம் பி.ஏ.பி. தண்ணி வருகிற மண்டலத்தில் மக்காச்சோளம் போட்டுக் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிறோம். மானாவாரியில் சோளம் போட்டாலும் தட்டுக்காகத்தான், மாட்டுக்கு. ஒரு காலத்தில் சோளச்சோறும் கம்மங்கூழும் சாப்பிட்ட மண் இது. இன்றைக்குத் தானியம் கோழிக்கும் மாட்டுக்கும் போகிறது, நாம் சேமியா வாங்குகிறோம். பள்ளிக்கூடத்துக் காலை உணவிலும் சேமியா உப்புமா, சேமியா கிச்சடி இருக்கிறது. அந்தச் சேமியா ஏன் நம் தானியத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசை.

முதல் தடவை இரண்டு கிலோ ராகி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து பிழிந்தோம். அச்சிலிருந்து இறங்கும்போதே அறுந்தது. அறுந்ததையும் காயவைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம், ஐந்து நிமிஷத்தில் கூழாகிவிட்டது. கோதுமையில் இருக்கிற பசைப்புரதம் ராகியில் இல்லை, சோளத்தில் இல்லை, கம்பில் இல்லை. இழையைப் பிடித்து நிறுத்த ஆளில்லாததால்தான் கம்பெனிகள் மைதாவைச் சேர்க்கின்றன.

கூழான பாத்திரத்தை எங்கம்மா எட்டிப் பார்த்தார். "வேகவைக்காத மாவைப் பிழிஞ்சா எப்படி சாமி நிக்கும்? அரிசியில மட்டும் என்ன பசை இருக்குது?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கிறது. மற்ற ஊர்களில் இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்துவிட்டு அவிப்பார்கள். நாம் சந்தகைக்கு அரிசியை ஊறவைத்துக் கெட்டியாக ஆட்டி, இட்லி மாதிரி முதலில் அவித்து, ஆவி பறக்கிற சூட்டில் அச்சில் போட்டுச் சுற்றுகிறோம். அவிக்கும்போது மாவுச்சத்து வெந்து பசையாகிறது, அந்தப் பசைதான் இழையைப் பிடிக்கிறது. கம்பெனி மைதாவைக் கொண்டு செய்கிற வேலையை நம் வீட்டுப் பெண்கள் ஆவியைக் கொண்டு செய்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை ராகி மாவைத் துணியில் கட்டிப் பத்து நிமிஷம் ஆவியில் வைத்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, பிழிந்த இழையை மறுபடி அவித்து, ஆறவைத்து நிழலில் காயவைத்தோம். நின்றது. மைதா சேமியா மாதிரி வழவழவென்று இல்லை, நீளமும் இல்லை. ஆனால் உப்புமாவாகக் கிண்டினால் குழையவில்லை.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை வந்தது. மைதா கலந்தால் நூல் மாதிரி வரும், உடையாது, அடக்கவிலையும் குறையும் என்று ஒரு பக்கம். கடையில் உடைசலை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதும் உண்மைதானே. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ராகி 30, மைதா 70 என்றால் 100 கிராமில் நார்ச்சத்து 5.3 கிராம். அதே 30 ராகியோடு 70 முழு கோதுமை மாவு சேர்த்தால் 11.3. இரும்பு 2.6-லிருந்து 4.3-க்கு ஏறுகிறது. எவ்வளவு ராகி என்று மட்டும் கேட்டால் பாதிக் கணக்குத்தான், எதோடு கலக்கிறோம் என்பது மீதிப் பாதி. கடைசியில் 70 ராகி, 30 முழு கோதுமை மாவு என்று முடிவானது. 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 264, இரும்பு 4.5. அந்த 70, 30-ஐப் பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுவது என்றும் முடிவு. ஒருத்தருக்கு இன்னும் மனசில்லை, பார்க்கலாம்.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கலூரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது, போய்ப் பேசுங்க. ஐதராபாத் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம் சோளத்திலேயே சேமியாவும் பாஸ்தாவும் செய்து காட்டியிருக்கிறது. பெரிய மெஷினுக்குக் கடன் வாங்கும் முன்னால் வீட்டுச் சந்தகை அச்சில் பத்துத் தடவை தோற்றுப் பாருங்க, செலவு குறைவு.

ராகி என்றதும் சர்க்கரை நோய்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நைசாக அரைத்துக் குழைய வேகவைத்தால் ராகியும் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அளவு வேண்டும், கூடவே காயும் பருப்பும் வேண்டும்.

தங்கச்சி மகளுக்கு என்ன சொன்னேன் என்று கேட்கிறீங்களா? டாக்டர் கொடுத்த மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே என்றேன் முதலில். எந்தச் சேமியாவும் அந்த வேலையைச் செய்யாது. 50 கிராம் ராகியில் இரும்பு 2.3 மில்லிகிராம்தான், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம். முளைகட்டி அரைத்தால் கூடுதலாகச் சேரும். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது, அந்தப் புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் வந்ததும் போய்விடும், அந்தப் பழக்கம் ஆறு வயசிலேயே அவனுக்கு இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி புழுங்கல் அரிசி, பாதி ராகி போட்டுச் சந்தகை. சுண்ணாம்புச்சத்து 186, இரும்பு 2.7 என்று வரும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு கடைந்தது. கொள்ளில் 100 கிராமுக்குப் புரதம் 22, இரும்பு 8.8, தானியத்தில் குறைகிற புரதத்தை அது ஈடுகட்டும். வேன் வருகிற நாட்களுக்கு எங்கள் சேமியா, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு. பாஸ்தாவை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மாசத்துக்கு இரண்டு நாள் கேட்டு அழுதால் ரவைப் பாஸ்தாவை, காய் போட்டு, குழையாமல் செய்து கொடு என்றேன். நூடுல்ஸ் பொட்டலத்தை மட்டும் அவளே எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள்.

எங்கம்மா அன்றைக்கே அச்சைக் கழுவிச் சந்தகை சுற்றினார், பையன்தான் பிடியைச் சுற்றினான். ராகிச் சந்தகை கறுப்பாக இருக்கிறதென்று முதலில் முகத்தைச் சுளித்தான். தேங்காய்ப்பால் ஊற்றியதும் அரைத் தட்டு போனது. எலுமிச்சைச் சந்தகையைத் தொடவில்லை.

கம்பு சேமியா மட்டும் இன்னும் எங்களுக்குக் கைவரவில்லை. இரும்பு அதிகம் என்பதால் அதைத்தான் முதலில் செய்ய ஆசைப்பட்டோம். கம்பில் எண்ணெய்ப்பசை கூடுதல், அரைத்த மாவு சில நாளிலேயே காறல் வாடையடித்துக் கசந்துவிடுகிறது. அரைத்த அன்றே அவித்துப் பிழிந்தால் தாங்குமா என்று அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம். யாருக்காவது கம்பில் கைவந்திருந்தால் இதழுக்கு எழுதுங்க.